நீலக்கொக்கு சொல்லாமல் விட்டது

அன்று மத்தியானம் கோன் அத்தை போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு மாடிக் கொடியில் தொங்கிய சட்டைகூட ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கும்.

"எப்படின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! வாயில என்ன பூட்டா?"

ஜன்னலோரம் வந்த தபால்காரர் வெலவெலத்துப்போய், "நான் இன்னும் ஒன்னுமே சொல்லலையேம்மா" என்றார். அத்தை திட்டியது அவரை இல்லை, கையில் இருந்த போனை. சரியாகச் சொன்னால், போனுக்குள் இருந்த ஓர் ஆளை. அந்த ஆளின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இணையத்தில் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் நீலக்கொக்கு.

இந்தக் கோபம் புரிய வேண்டுமானால் அத்தையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அத்தை முன்பு பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவள். எந்த வண்டி, எந்த மேடை, எத்தனை மணி, எந்த வழி, எங்கே போய்ச் சேரும் என்று எல்லாம் இல்லாமல் அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வந்ததில்லை. "பஸ் வருதுன்னு மட்டும் மைக்கில சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் எழுந்து ஓடுவாங்க, ஒருத்தரும் ஏற மாட்டாங்க" என்பாள். வீட்டிலும் அதே கதைதான். "சாப்பாட்டுல ஏதோ குறையுது" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. "எது குறையுது? உப்பா, காரமா? முதல் வாயிலயே தெரிஞ்சுதா, பாதி தட்டுலயா?" விசாரணை முடிவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். அதற்குப் பயந்தே எல்லோரும் பிரமாதம் என்று சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

அவள் கல்யாணமே மைக்கால் நடந்ததுதான். ஒருநாள் பன்னிரண்டாம் நம்பர் வண்டி நேரத்துக்குப் புறப்படவில்லை. உள்ளே பயணிகள் வெந்துகொண்டிருந்தார்கள். டிரைவரோ டீக்கடையில் உட்கார்ந்து உலக நியாயம் பேசிக்கொண்டிருந்தார். மைக் நிதானமாகச் சொன்னது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் மேடையில் நிற்கும் பன்னிரண்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர் தற்போது இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அது முடிந்ததும் வண்டி புறப்படும்." நிலையமே சிரித்தது. டிரைவர் முகம் சிவக்க அறிவிப்பு அறைக்குச் சண்டை போட வந்தார். வந்து நின்று, முறைத்து, "அது மூணாவது டீ" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிற்பாடு நிலையத்தில் கம்ப்யூட்டரே அறிவிக்கத் தொடங்கியபோது அத்தை அழவெல்லாம் இல்லை. "நல்லதாப் போச்சு, தொண்டைக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, கையில் வந்ததைப் போட்டு ஓர் ஐஸ்கிரீம் மெஷின் வாங்கினாள். கைப்பிடியை இழுத்தால் கோனில் சுருள் சுருளாக வந்து உட்காருமே, அந்த ரகம். வேறு யாரோ வைத்திருந்து விற்ற பழைய மெஷின். வாசலறை ஜன்னலில் கம்பியை எடுத்துவிட்டு ஒரு பலகையை அறைந்தாள். கடை தயார். தெருப் பிள்ளைகளுக்கு அவள் கோன் அத்தை ஆனாள். பிள்ளைகளைப் பார்த்து அவர்களைப் பெற்றவர்களும் அத்தை என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் அத்தையைவிட மூத்தவர்கள். அதைப் பற்றி அவள் பேச விரும்பவில்லை.

வாசலறை என்பது பேருக்குத்தான் அறை. மெஷின், கோன் பெட்டிகள், டிரைவர் மாமாவின் சாய்வு நாற்காலி எல்லாம் அதற்குள்தான். சாயங்கால ஷிஃப்டுக்குப் போகுமுன் மாமா அந்த நாற்காலியில்தான் தூங்குவார். மாமா நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். காலை நீட்டினால் மெஷின் இடிக்கும்; அதனால் முட்டியை மடக்கி, உறைக்குள் செருகிய குடை மாதிரி கிடப்பார். ஷிஃப்ட் முழுக்க பிரேக்கை மிதித்த கால் வீட்டுக்கு வந்தும் மடங்கிக் கிடப்பதைப் பார்க்க அத்தைக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், மெஷினை மூச்சுப்பிடித்துத் தள்ளிச் சுவரோடு சுவராக ஒட்டிவிட்டாள். மறுநாள் மாமா முதல்முறையாக முழு நீளத்துக்குத் தூங்கினார். எப்படி இடம் வந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. நாலு கோன், ஐந்து கோன் ஜோராக வரும். அப்புறம் சிவப்பு விளக்கு மூன்று முறை கண்ணடிக்கும். ஒரு முனகல். நின்றுவிடும். கோனில் உட்கார வேண்டியது கஞ்சி மாதிரி வழியும். ஒரு மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி நாலு கோன்.

மெக்கானிக் வந்தார். மெஷினை அறை நடுவில் இழுத்துப்போட்டு, மூடியைக் கழற்றி, ஓடவிட்டுப் பார்த்தார். அவர் இருந்தவரை ஒரு சிமிட்டல்கூட இல்லை. "டாக்டர் மூஞ்சியைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற கேஸுக்கா இது" என்று சொல்லி, இரண்டு கோன் சாப்பிட்டு, மெஷினைப் பழையபடி சுவரோரம் தள்ளிவைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் முன்பே விளக்கு கண்ணடித்தது. அடுத்த முறை வந்தவர் மூடியைக்கூடத் தொடவில்லை. "உள்ள போர்டு போயிடுச்சுக்கா. இதைச் செஞ்ச கம்பெனியும் மூடிட்டாங்க. பேசாம நல்லபடியா வழியனுப்பிடுங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. ஓடுகிற பிள்ளைக்கும் கோன், ஓடாமல் நிழலில் உட்கார்ந்து ஓடுகிறவனைக் கேலி செய்கிற பிள்ளைக்கும் கோன் என்று அத்தை தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாமா நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "இதோட நீ படற பாட்டைப் பார்க்க முடியல. வெள்ளிக்கிழமையும் மக்கர் பண்ணுச்சுன்னா விட்டுடு. பழைய இரும்புக்காரரை அன்னிக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்கேன். என்ன, சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் அத்தை, வீம்புக்கு. சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். மெஷின் போய்விட்டால் ஜன்னல் வெறும் ஜன்னல். பிள்ளைகள் பக்கத்துத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போவார்கள். "அத்தை, இன்னும் கொஞ்சம் உயரமா சுத்துங்க" என்று பலகையில் தாடையை வைத்துக்கொண்டு ஒருத்தரும் கெஞ்ச மாட்டார்கள்.

நீலக்கொக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நாத்தனார். மாமாவின் தங்கை, மருந்துக்கடையில் வேலை. டாக்டர்கள் கிறுக்கிய சீட்டையே படித்துப் பழகிய கண் அவளுக்கு.

"அண்ணி, உலகத்துல உங்க மெஷின் மாதிரியே இன்னொரு சனியன் இருந்திருக்கு. வாங்க, பாருங்க."

அது இணையத்தில் கடைக்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு மன்றம். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய பதிவு. படத்தில் அதே மெஷின். நீலக்கொக்கு எழுதியிருந்தார்: "அஞ்சு கோனுக்கு மேல வரமாட்டேங்குது. சிவப்பு லைட் மூணு தடவை அடிக்குது. என்ன செய்ய?"

அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள். விரலால் தள்ளிக்கொண்டே பதிவின் கீழே இறங்கினாள். மறுநாள் அதே நீலக்கொக்கு எழுதியிருந்தார்: "சரியாயிடுச்சு! ரொம்பச் சின்ன விஷயம்தான். எல்லாருக்கும் நன்றி." பக்கத்தில் ஒரு பொம்மை இடுப்பை ஆட்டி நடனமாடியது.

அவ்வளவுதான்.

அத்தை போனைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாள், மீதி எழுத்து உள்ளே எங்காவது சிக்கியிருக்குமோ என்று. அந்த நிமிஷத்தில்தான் தபால்காரர் வந்தார்.

"வழி கேட்டா, 'நான் போய்ச் சேர்ந்துட்டேன், கவலைப்படாதீங்க'ங்கிறான் பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

அதற்குக் கீழே, வருஷக்கணக்கில் ஒரு பெரிய ஒப்பாரி. "சார், என்ன சின்ன விஷயம்?" "அண்ணே, எனக்கும் இதேதான், கொஞ்சம் சொல்லுங்க." "ஐயா, உயிரோட இருக்கீங்களா?" "மேலே சொன்னபடி செய்தேன், சரியாகவில்லை" என்று ஒருவர். மேலே யார் என்ன சொன்னார்கள் என்று அத்தை மூன்று தடவை ஏறி இறங்கித் தேடினாள். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "நானும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார் இன்னொருவர். நானும் என்றால் என்ன நானும்? மெஷின் நின்றுபோன நானுமா, சரியாகிப்போன நானுமா, சும்மா இந்தப் பக்கம் வந்த நானுமா?

அந்த வாரம் வீட்டில் நீலக்கொக்கு ஒரு வசவாகவே ஆகிவிட்டது. மாமா, "என் சட்டை எங்க?" என்று கேட்டார். "அங்கதான் இருக்கு" என்றாள் தங்கை. "எங்கன்னு சொல்லுடி, நீலக்கொக்கு!" என்றார் மாமா. அவள் முகம் சுண்டிப்போய், எழுந்து போய்ச் சட்டையை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

அத்தை சும்மா இருக்கவில்லை. அதே பதிவின் கீழே தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு போட்டாள். "மெஷின் வைத்திருப்பவர்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, எந்த மெஷின், எத்தனை கோனில் நிற்கிறது, விளக்கு எத்தனை முறை, முனகல் எப்படி, வெள்ளிக்கிழமைக்குள் ஏன் வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள்.

பதில் உடனே வந்தது. "அக்கா நான் தியேட்டர் கேன்டீன் பொண்ணு. எனக்கும் அதே. அது அப்படி ஆகும்போது நான் இப்படிப் பண்ணுவேன், கொஞ்சம் பரவாயில்ல, அப்புறம் பழையபடி."

"எது எப்படி ஆகும்போது இவ எப்படிப் பண்ணுவாளாம்?" அத்தை பல்லைக் கடித்தாள். "போன் நம்பர் குடும்மா. நீ எழுதினது போதும்" என்று தட்டினாள்.

போனில் வந்தது கலகலவென்று ஒரு சின்னப்பெண் குரல்.

"அக்கா, விளக்கு சிமிட்டினா நான் பக்கத்துல விசிறியை வெச்சு ஊதுவேன். ரெண்டு கோன் கூட வரும். அதைத்தான் எழுதினேன்."

"இதுல எதை எழுதின? விசிறிங்கிற வார்த்தையே அதுல இல்லையே!"

"எழுதச் சொன்னா எனக்கு வராதுக்கா. பேசச் சொல்லுங்க, நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்த மாட்டேன்."

அது உண்மை என்று சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் உருப்படியான ஆள். ரொம்ப நாளாக நீலக்கொக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அந்த மன்றத்தில் எழுதிய எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள்.

"சைக்கிள் கதை தெரியுமாக்கா? 'சைக்கிள் விற்பனைக்கு. நல்ல சைக்கிள். வேணும்கிறவங்க கூப்பிடவும்'னு போட்டிருக்காரு. நம்பர் இல்ல."

"கடவுளே."

"மறுநாள், 'நம்பர் போட மறந்துட்டேன், மன்னிக்கவும்'னு இன்னொன்னு."

"அதுல போட்டாரா?"

"இல்லக்கா. ஒரு வாரம் கழிச்சு, 'யாருமே கூப்பிடல. ஏன்?'னு கேட்டிருக்காரு."

அத்தை சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், இந்த ஆள் கெட்டவன் இல்லை, வெறும் அரைகுறை என்ற ஞானம் வந்தது. அரைகுறையைத் திட்டிப் பிரயோஜனமில்லை; பிடித்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

"அவரு வேற என்ன எழுதியிருக்காரு?"

"பூனையைப் பத்தி. 'முடி உதிருது, என்ன செய்ய'ன்னு. எல்லாரும் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னாங்க. 'டாக்டர் எங்க கடைக்கு நேர் எதிர்லதான்'னு சொல்லி, பூனை போட்டோ ஒன்னு போட்டிருக்காரு."

"அந்தப் போட்டோவை அனுப்பு."

படத்தில் ஒரு குண்டுப் பூனை, உலகமே தனக்குக் கடன்பட்டது போன்ற முகத்தோடு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. பூனையை எல்லோரும் பார்ப்பார்கள். அத்தை பூனைக்குப் பின்னால் பார்த்தாள். பேருந்து நெற்றியில் எழுதியிருப்பதைத் தூரத்திலிருந்தே படித்த கண். ஜன்னலுக்கு வெளியே, எதிர்ப்பக்கத்தில், கால்நடை மருத்துவரின் பலகை. பலகையில் போன் நம்பர். ஒரு எண்ணை மட்டும் பூனையின் காது மறைத்தது.

"ஒரு நம்பர்தானேக்கா. பூஜ்யத்துல இருந்து ஒவ்வொன்னா போட்டுப் பார்ப்போம்" என்றாள் தியேட்டர் பெண்.

பார்த்தார்கள். முதலில் ஒரு தையல்கடை. அப்புறம் யாரோ தூக்கத்தில் இருந்த ஒரு பெரியவர். அவருக்கு அத்தையின் குரல் பிடித்துப்போய் வைக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார். அதற்கும் பிறகு, "கால்நடை மருத்துவமனை" என்று ஒரு குரல் வந்தது.

"டாக்டர், உங்களுக்கு நேர் எதிர்ல ஐஸ்கிரீம் கடை ஒன்னு இருக்கா? நீலக் கலர்ல கொக்குப் படம் போட்டது?" என்று அத்தை பெயரை வைத்துக் குத்துமதிப்பாகக் கேட்டாள்.

"இருக்கே. ஏன், பூனைக்கு மறுபடியும் என்ன?"

டாக்டர் நல்ல மனிதர். போனை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டியே போய்விட்டார். ஹார்ன் சத்தம், கதவு மணி, ஒரு "மியாவ்". பிறகு கடாமுடாவென்று ஒரு குரல்: "யாரு?"

"நீலக்கொக்கா?"

எதிர்முனையில் எதையோ கீழே வைக்கிற சத்தம். பிறகு அந்தக் குரல் குழந்தை மாதிரி பூரித்தது. "அட! சைக்கிளுக்கா கூப்பிடறீங்க?"

அத்தை கண்ணை மூடித் திறந்தாள். "சைக்கிள் இருக்கட்டும் அண்ணே. உங்க மெஷின் நின்னு நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா? சரியாயிடுச்சுன்னு எழுதினீங்களே?"

"ஆமா, சரியாயிடுச்சே! சொன்னேனே!"

"எப்படின்னு சொல்லலையே!"

"அதான் சரியாயிடுச்சுல்லம்மா. அப்புறம் எப்படியா இருந்தா என்ன?"

அதே இணைப்பில் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த தியேட்டர் பெண், "ஊர் தாண்டி வந்து கடிச்சு வெச்சுடுவேன்" என்று பல்லுக்குள் சொன்னாள். அத்தை அவளை அடக்கினாள். குரலைத் தாழ்த்தி, பழைய மைக் குரலுக்கு மாறினாள். தொலைந்துபோன பிள்ளையிடம் அம்மா என்ன புடவை கட்டியிருந்தாள் என்று கேட்பதற்காகவே வைத்திருந்த குரல் அது.

"அண்ணே, அவசரமே இல்ல. அன்னிக்குக் காலைல கடையைத் திறந்தீங்க. அப்புறம் என்ன பண்ணீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

"என்ன பண்ணேன்... பிளக்கு ஆடிட்டு இருந்துச்சு. புது பிளக்கு மாத்தினேன். ஓட ஆரம்பிச்சுடுச்சு. அவ்வளவுதான். சின்ன விஷயம்னு சொன்னேனே."

"பிளக்கா?" தியேட்டர் பெண் அலறினாள். "நான் பிளக்கு மாத்திட்டேன்! சாக்கெட்டு மாத்திட்டேன்! ஒயரே மாத்திட்டேன்!"

அத்தை மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் மாற்றியிருந்தாள். அன்று வியாழக்கிழமை. இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் இதுதானா? ஆனால் மைக் பிடித்தவளுக்கு ஒரு குணம் உண்டு: வண்டி புறப்பட்டதாக யார் சொன்னாலும், மேடையை எட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

"பிளக்கு எங்க இருக்குண்ணே? முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. சுவர்ல."

"அப்ப எப்படி மாத்தினீங்க?"

"மெஷினை இழுத்துட்டுத்தான். இழுக்காம எப்படிம்மா கை உள்ள போகும்?"

"மாத்தினப்புறம் மறுபடி தள்ளி வெச்சீங்களா?"

"எங்க தள்ள விட்டா! அன்னிக்கே இவ போய்ப் பின்னாடி படுத்துட்டா. வெதுவெதுன்னு இருக்குல்ல. இன்னிவரைக்கும் அவ இடம் அது. தள்ளப் போனா பிராண்டுறா."

"யாரு?"

"பூனைம்மா."

அத்தை போனைக் காதிலிருந்து எடுக்காமலே நடந்து, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. சுவரைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. உள்ளே குளிர வேண்டுமானால் சூட்டை எங்காவது ஊதித் தள்ள வேண்டும் அல்லவா? மெஷின் அதைப் பின்பக்கமாக ஊதுகிறது. நீலக்கொக்கு கடையில் அந்தச் சூட்டில் ஒரு பூனை சுகமாகத் தூங்குகிறது. இங்கே அதற்குப் போக வழியே இல்லை. ஐந்து கோனுக்குள் சூடு தலைக்கேறி, மெஷின் கையை உதறிவிட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் வந்தபோது ஏன் நிற்கவில்லை? அவர்தான் அதை அறை நடுவில் இழுத்துப் போட்டாரே!

"பொண்ணே," என்றாள் அத்தை மெதுவாக, "உன் மெஷின் சுவர்ல ஒட்டியிருக்கா?"

"ஆமாக்கா. இடைவேளைல ரெண்டு பேர் கூட நிக்கட்டும்னு தள்ளி விட்டேன்."

சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி இது. பெரிய கடையில் இடம் கிடக்கும். இவர்கள்தான் இன்னொரு ஆள் நிற்கட்டும், இன்னொரு ஆள் கால் நீட்டட்டும் என்று மெஷினின் மூக்கைச் சுவரில் அழுத்தி வைப்பார்கள்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்று நீலக்கொக்கு பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லண்ணே. நீங்க நல்லா இருங்க. உங்க பூனை இன்னும் நல்லா இருக்கட்டும்."

மாமா நாற்காலியில் நல்ல தூக்கத்தில் இருந்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினை முன்னால் இழுத்தாள். அது கர்ரென்று தரையைக் கீறிக்கொண்டு வந்து, மாமாவின் பாதத்தில் முட்டி நின்றது. மாமா கண்ணைத் திறந்தார். மூக்குக்கு நேரே கைப்பிடி.

"என்னடி, என் மடியில கடை போடப் போறியா?"

"வாயைத் திறங்க. முதல் கோன் உங்களுக்கு."

இரண்டாவது நாத்தனாருக்கு. மூன்றாவது, நான்காவது தெருவில் போன இரண்டு பேருக்கு, கூப்பிட்டுக் கூப்பிட்டு. ஐந்தாவதை இழுக்கும்போது ஒருவரும் மூச்சு விடவில்லை. விளக்கு சும்மா இருந்தது. ஆறு. ஏழு. அதற்குமேல் எண்ண யாருக்கும் தோன்றவில்லை. தபால்காரர் ஒன்று வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்னைத் திட்டல" என்று சந்தோஷப்பட்டார். மாமாவின் இரண்டு கையிலும் கோன். எதை முதலில் நக்குவது என்று தெரியாமல் முழங்கை வரை வழியவிட்டுக்கொண்டிருந்தார். சின்னப்பிள்ளைகள் பலகையை டமடமவென்று தட்டினார்கள். அத்தை இழுத்தாள், சுற்றினாள், கொடுத்தாள். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதாகச் சொல்லி ஒருமுறை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஐஸ்கிரீம் கடையில் கண்ணில் என்ன தூசி விழும் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாமா ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்பே தியேட்டரிலிருந்து சேதி வந்தது. குரல் சேதிதான், எழுத்து இல்லை: "அக்கா! இடைவேளை முழுக்க ஓடிச்சுக்கா! படம் திரும்ப ஆரம்பிச்சும் ஒருத்தரும் உள்ள போகல!"

அப்புறம் அத்தை உட்கார்ந்து, அந்தப் பழைய பதிவின் கீழே எழுதினாள். ஒப்பாரி வைத்த அத்தனை பேருக்காகவும் எழுதினாள். மெஷின் எந்தப் பக்கம் மூச்சு விடுகிறது, சுவருக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும், விரலை வைத்து எப்படிப் பார்ப்பது, பூனை இருந்தால் எங்கே படுக்க விடுவது என்று பத்தி பத்தியாக. நாத்தனார் படித்துப் பார்த்து, "அண்ணி, இதைப் படிச்சா குருடனுக்கும் மெஷின் ஓடும்" என்றாள்.

சற்று நேரத்தில் முதல் பதில் வந்தது. "ரொம்ப நீளமா இருக்கு. சுருக்கமா சொல்லுங்க."

அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு, "முன்னால இழுங்க" என்று தட்டினாள்.

உடனே அடுத்த பதில்: "எதை?"

மாமா சிரித்த சிரிப்பில் நாற்காலியின் ஒரு பக்கம் கழன்றது.

வெள்ளிக்கிழமை காலை மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மைதானத்தின் நட்ட நடுவில், நாலு பக்கமும் காற்றோடு அது ராஜா மாதிரி நின்றது. ஓடினவனுக்கும் கோன், ஓடாதவனுக்கும் கோன். ஓடி முடிக்காமலேயே பாதி வழியில் கோனுக்குத் திரும்பி வந்த ஒருத்தனுக்கும் கோன். தலைமையாசிரியர் யாரும் பார்க்காதபோது இரண்டாவது வாங்கினார். அத்தை பார்த்தாள், சொல்லவில்லை.

மத்தியானம் மெஷினோடு வீடு திரும்பினால், வாசலில் பழைய இரும்புக்காரர் வண்டியோடு தயாராக நின்றார். அவரை வர வேண்டாம் என்று சொல்ல எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

"இதானே எடுத்துட்டுப் போகச் சொன்னது?" என்று மெஷினைத் தொட்டார்.

"கையை எடுங்க" என்றார் மாமா, அத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே. அவர் உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. மெஷின் முன்னால வந்துடுச்சு, இதுக்கு இனிமே இடமில்ல."

"அப்ப கால் நீட்ட எங்க போவீங்க?" என்றாள் அத்தை.

"நான் பாட்டுக்குக் காலை நீட்டினதுக்கா நீ இத்தனை நாள் அவஸ்தைப்பட்ட? என்கிட்ட ஏன் சொல்லல, சுவரோட தள்ளினது நீதான்னு?"

அத்தைக்கு, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்கிற அத்தைக்கு, இதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை. நாற்காலியின் மறுமுனையைப் பிடித்தாள். "இதைக் குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"அறைக்குள்ள முடியாதுடி."

"வெளிய முடியும்ல?"

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே, வேப்பமர நிழல் விழும் இடத்தில் போட்டார்கள். கழன்றிருந்த பக்கத்தை மாமா ஒரு கம்பியால் கட்டினார். உள்ளே அத்தை மெஷினை ஓடவிட்டாள், சுவரை விட்டு நன்றாகத் தள்ளி. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று இரும்புக்காரருக்கு ஒரு கோன் சுற்றிக் கொடுத்தாள், கொஞ்சம் உயரமாகவே.

அவர் அதை வாங்கிக்கொண்டு, உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பிறகு காலை நீட்டினார். மாமா பக்கத்தில் நின்று ஒருமுறை இருமினார், இரண்டாம் முறை இருமினார். மனிதர் கண்ணை மூடிக் கோனை நக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.